லயனல் தலையாட்டிய பீப்பாய்

லயனல் ஹெப்வொர்த்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி பப்பில் கிடைத்தது. பஸ் ஓட்டின காலத்தில் அவருக்கு யாரும் பதவி உயர்வு கொடுக்கவில்லை, அவரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஷெஃபீல்டின் மேட்டிலும் பள்ளத்திலும் ஆயுசு முழுக்க ஒரே தடத்தில் போய்வந்துவிட்டு, ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அது அடுத்த கிறிஸ்துமஸுக்கே நின்றுபோனது. ஆனால் ஆற்றோரத் தெருவில் இருக்கிற 'கொல்லனும் கொக்கும்' பப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அங்கே எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் முதல் அரை பைன்ட், அதாவது அரைக் குவளை, லயனலுக்குத்தான். அவர் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினால் பீர் விற்பனைக்கு வரும். ஆட்டாவிட்டால் வராது. அவ்வளவுதான் சட்டம்.

இந்தப் பதவி அவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர்க்காரர்களின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தன் காலை இன்னொருத்தன் மிதித்துவிட்டால், மிதிபட்டவன்தான் மன்னிப்புக் கேட்பான். ஹோட்டல் சாலட்டில் நத்தை ஊர்ந்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பிரமாதம், ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவோம். அப்புறம் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசுவோம். இந்த லட்சணத்தில், முன்பு அந்தப் பப்பை நடத்தின ஆர்ச்சி என்ற முரட்டு மனுஷனிடம் பீர் கெட்டுப்போயிருக்கிறது என்று எவன் சொல்வான்? ஒரு வாரமாக எல்லோரும் முகத்தைக் கோணாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது லயனல் இளந்தாரி. வேலை முடிந்து சீருடையோடு உள்ளே வந்து ஒரு வாய் குடித்தார், குவளையைக் கீழே வைத்தார், "ஆர்ச்சி, உங்க குழாயைக் கழுவி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். பப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. ஆர்ச்சி கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். பிறகு என்ன தோன்றியதோ, நிலவறைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தார். குழாய் முழுக்கப் பாசி.

மறுநாளிலிருந்து முதல் அரை பைன்ட் லயனலுக்கு என்று ஆகிவிட்டது. ஆர்ச்சி போய்ச் சேர்ந்தபின் பப்பை எடுத்து நடத்த வேல்ஸிலிருந்து வந்த கிளெனிஸும் அந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டாள். பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கிற உயிருள்ள பீர் அது, வாயு ஏற்றின தகரடப்பாச் சமாச்சாரம் இல்லை. ஒரு நாள் முன்னால் திறந்தால் பச்சை, ஒரு நாள் தாமதித்தால் சப்பை. அந்த நுணுக்கமெல்லாம் லயனலின் மூக்குக்கு அத்துப்படி. வேண்டியவர்கள் காய்ச்சின பீர் என்றும் பார்க்க மாட்டார், கிளெனிஸ் மனசு நோகுமே என்றும் பார்க்க மாட்டார். பீர் விஷயத்தில் லயனல் பொய் சொல்லி எவரும் கேட்டதில்லை.

"உனக்குக் கிடைச்ச ஒரே உத்தியோகம் இது. சம்பளம் அரை பைன்ட். பென்ஷன் உண்டான்னு கேட்டியா?" என்று அவர் மனைவி மார்ஜரி கிண்டல் செய்வாள். ஆனால் கடைவீதியில் யாராவது "நீங்க லயனல் மனைவிதானே, அந்த முதல் அரை பைன்ட் லயனல்?" என்று கேட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியாது. அவள் போய்ச் சில வருஷமாகிவிட்டது. அதற்கப்புறம் லயனலுக்குக் காலையில் எழுந்து சவரம் செய்துகொள்ளக் காரணம் என்று இருந்தது அந்தப் பப் ஒன்றுதான். மதியம் கதவு திறக்கிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். கல்லா ஓரத்தில் இருக்கிற உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால், மனுஷர் நிமிர்ந்துவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஜனவரி மாதம் தபால் நிலைய வாசலில் பனிக்கட்டி சறுக்கி மல்லாந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. தையல் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் குடித்தார், வெறும் சுடுதண்ணீர். இலையை மாற்றிப் பார்த்தார், பாலை மாற்றிப் பார்த்தார், கடைசியில் கெட்டிலையே மாற்றினார். அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. அடி பட்டதில் மூக்கு போய்விட்டது, திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாக்கில் இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், உப்பும் புளிப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' சாப்பிட்டால் உப்புப் போட்ட அட்டையைத் தின்கிற மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? எல்லோரும் ரொம்பப் பிரியமாக நடந்துகொள்வார்கள். தோளைத் தட்டுவார்கள். கிளெனிஸ் ஒரு கேக் செய்து தருவாள், அதுவும் அவருக்கு ருசிக்காது. அப்புறம் ஒருநாள், ரொம்ப நாசூக்காக, முதல் அரை பைன்ட் வேறு யார் முன்னாலாவது போய் உட்கார்ந்துவிடும். மூக்கில்லாத லயனலுக்கு அந்த ஸ்டூலில் என்ன வேலை? 

ஆகவே மனுஷர் நடிக்க ஆரம்பித்தார். குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கலங்கல் இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சுவார், எதையோ எடைபோடுகிற மாதிரி சற்று நிற்பார், தலையை ஆட்டுவார். பயப்படத் தேவையே இல்லை, ஏனென்றால் கிளெனிஸ் நிலவறையை அடுப்படி மாதிரி சுத்தமாக வைத்திருப்பவள். பீப்பாயைத் திறந்ததும் கீழேயே ஒரு கிண்ணத்தில் பிடித்துத் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் மேலே கொண்டுவருவாள். அவள் முகத்தைப் பார்த்தாலே லயனலுக்கு விடை தெரிந்துவிடும். வசந்தம் போயிற்று, கோடை போயிற்று, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. படுபாவி, எவ்வளவு நேர்த்தியாக நடித்தார் தெரியுமா!

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வந்தது வினை. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, மலைப்பக்கம் ஒரு சின்ன ஆலையில் காய்ச்சுகிற 'கிழட்டு வாத்து' என்ற கறுத்த பீர் வரும். அதற்காகவே ஆட்கள் வருவார்கள். இந்த முறை தெற்கே நார்விச்சிலிருந்து பீர் ரசிகர்கள் ஒரு பஸ் நிறைய வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிளெனிஸ் ஒரு வாரமாகப் பித்தளைக் கம்பிகளைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கியிருந்தாள். பார்த்து, முந்தின நாள்தான் அவளுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டி வந்ததா! ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. தாடையைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃப், வாய்க்குள் கிராம்புத் தைலப் பஞ்சு. அந்தக் கோலத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முதல் அரை பைன்ட்டைப் பிடித்து லயனல் முன்னால் வைத்தாள்.

"கண்ணு, இன்னிக்கு நான் ருசி பாக்கல. வாயெல்லாம் கிராம்பு. காலையிலேருந்து எதை மோந்தாலும் ஆஸ்பத்திரி நாத்தமாவே அடிக்குது, எல்லாம் இந்தப் பாழாப்போன பல்லு. இன்னிக்கு நீதான் எனக்கு வாயும் மூக்கும்."

 தனக்கு ஜலதோஷம் என்று லயனல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பப் நிரம்பியிருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவளையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆஹா, என்ன தெளிவு! கறுப்பில் ஓரம் மட்டும் சிவந்து, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தார். கசப்பு இருந்தது, கீழே கொஞ்சம் இனிப்பும் இருந்தது. இவ்வளவு தெளிந்த பீரில் என்ன கோளாறு இருந்துவிடப் போகிறது?

தலையை ஆட்டினார்.

"அப்பாடா!" என்றாள் கிளெனிஸ். பீர் இழுக்கிற கைப்பம்பு ஏறி இறங்க ஆரம்பித்தது.

முதல் பைன்ட்டை வாங்கினவர் டட்லி. முன்னாள் தபால்காரர், லயனலின் பக்கத்து ஸ்டூல்காரர், அடர்ந்த மீசைக்காரர். டட்லிக்குப் பாராட்டத் தெரிந்த ஒரே வார்த்தை 'பரவாயில்லை'. பெண் கல்யாணத்தன்றைக்கும் அதைத்தான் சொன்னார். அவர் ஒரு வாய் நிறையக் குடித்தார். மீசை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி லயனலைப் பார்த்தார். லயனலோ தனக்கு வாங்கிய முழு பைன்ட்டை எடுத்து, அமைதியாக, ஒரே மடக்கில் பாதியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் லயனல்.

டட்லி வாயில் இருந்ததை விழுங்கினார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. "பரவாயில்லை," என்றார்.

ஜன்னலோர மேசையில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்த வினிஃப்ரெட், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். டட்லி அவள் காதில் ஏதோ சொன்னார். அடுத்த மேசையில் ஏதோ சொன்னார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வினிஃப்ரெட் எழுந்து வந்து இன்னொரு பைன்ட் வாங்கினாள். பிறந்ததிலிருந்து அரை பைன்ட்டுக்கு மேல் தொடாதவள்! அவளுக்குப் பின்னால் வரிசை. எல்லோரும் கிழட்டு வாத்துதான் கேட்டார்கள். வாங்கினவர்கள் குவளையைத் தூக்கிக்கொண்டு புறக்கடைப் பக்கம் போனார்கள், காலிக் குவளையோடு திரும்பி வந்தார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள்.

"பாத்தியா ஓட்டத்தை!" என்று கிளெனிஸ் வீங்கின கன்னத்தோடு பூரித்துப் போனாள். "இத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒரு பீப்பாய் ஓடினதே இல்ல. இரு, ஆலைக்காரனுக்குப் போன் போட்டுக் குளிர்காலம் முழுக்க இதையே அனுப்பச் சொல்றேன்."

லயனலுக்கும் பெருமை தாங்கவில்லை. மூக்கில்லாமலே இவ்வளவு சாதித்துவிட்டோமே என்று சந்தோஷமாக எழுந்து புறக்கடைக்குப் போனார். கழிப்பறை அந்தப் பக்கம்தான். போனவர் கதவிலேயே நின்றுவிட்டார். டட்லி சாக்கடைக் கம்பிக்கு மேல் குனிந்து, ஒரு முழு பைன்ட்டை, துளி சிந்தாமல், உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டட்லி! என்னடா பண்ற?"

"உஷ்! கதவைச் சாத்து." டட்லி நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், அவர் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். லயனலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீ மனுஷன்டா. சத்தியமாச் சொல்றேன், நீதான்டா மனுஷன். நான்னா அந்த முதல் வாயிலேயே துப்பியிருப்பேன். முகத்துல ஒரு சுளிப்பு உண்டா? ஒண்ணு கிடையாது! அரை பைன்ட்டு முடிச்சு, மேல ஒரு முழு பைன்ட்டு வேற!"

"என்னடா சொல்ற?"

"பீரைச் சொல்றேன். ஆஸ்பத்திரி வராந்தா கழுவி விட்ட தண்ணி மாதிரி இருக்கு. முதல்ல அவ பல்லு மருந்து நாத்தம்னு நெனச்சேன். அப்புறம் குடிச்சேன். அடக் கடவுளே! உடனே உன்னைப் பாத்தேன். நீ பாட்டுக்குக் குடிச்சுட்டு இருக்க. லயனல் தலையாட்டினான்னா காரணம் இல்லாம ஆட்டுவானா? சட்டுனு புரிஞ்சுது. அவ அந்தக் கோலத்துல நிக்கிறா, வெளியூர் ஆளுங்க வர்றாங்க, இப்போ போய் பீர் கெட்டுப்போச்சுன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவா, அதனால நீ விழுங்கிட்ட. இல்லியா? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பஸ் வர்றதுக்குள்ள பீப்பாயைக் காலி பண்ணிடணும். குடிக்க முடிஞ்சவன் குடிக்கட்டும், முடியாதவன் இங்க ஊத்தட்டும். பாதிக்கு மேல போயாச்சு."

அந்தச் சமயம் கதவைத் திறந்துகொண்டு வினிஃப்ரெட் இரண்டு கையிலும் குவளைகளோடு லேசாகத் தள்ளாடி வந்தாள். "லயனல், நீங்க ரொம்ப நல்லவர்," என்றாள், ஒரு குவளையைப் பூந்தொட்டியில் கவிழ்த்தாள். "நான் ஒண்ணு குடிச்சேன். இனிமே என்னால முடியாது. மன்னிச்சிருங்க."

லயனல் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. அவர் தலையாட்டலை நம்பி இத்தனை பேர் விஷத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு அவருக்கே பாராட்டு வேறு! வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் தீர்ந்தது. பீப்பாய் காலியாகும், கிளெனிஸுக்கு ஒன்றும் தெரியாது, ஊரில் லயனலின் பெயர் இன்னும் ஒரு படி உயரும். ஸ்டூலும் இருக்கும், அரை பைன்ட்டும் இருக்கும். உள்ளே கிளெனிஸ் போனில் உரக்கச் சொல்வது கேட்டது: "ஆமா, அதே மாதிரி, அப்படியே! லயனலே சொல்லிட்டாருங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைக் குத்தியது. விறுவிறுவென்று உள்ளே நடந்தார். கல்லாவுக்கு மேலே தொங்குகிற பித்தளை மணியின் கயிற்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார்.

அந்த மணியைக் கிளெனிஸ் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டவன் பப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பைன்ட் வாங்கித் தர வேண்டும். மற்ற நாளாக இருந்தால் கூரை பிய்கிற மாதிரி ஆரவாரம் கிளம்பியிருக்கும். அன்றைக்கு எல்லோர் முகத்திலும் கிலி.

"ஐயோ, வேண்டாம் லயனல்!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். "எங்களுக்குப் போதும்பா!"

"கிளெனிஸ், போனை வை," என்றார் லயனல்.  "இந்த பீர் கெட்டுப்போச்சு. ஆஸ்பத்திரி நாத்தம் உன் பல்லுல இல்ல, பீப்பாய்லதான்."

"என்ன உளர்ற? நீதானே தலையாட்டின?"

"ஒண்ணும் தெரியாமத்தான் ஆட்டினேன். எனக்கு மூக்கு இல்ல, கிளெனிஸ். ஜனவரில விழுந்தேனே, அன்னியோட போச்சு. அதுலேருந்து உன் மூஞ்சியைப் பாத்துதான் ஆட்டிட்டு இருக்கேன். உங்களையெல்லாம் ஏமாத்தினேன். டட்லி என்னை மகாத்மாங்கிறான். நான் வெறும் பொய்யன்."

 ஆரம்பித்ததை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாம். சொன்னா இந்த ஸ்டூல் போயிடுமேன்னு பயம். அது மட்டும் இல்ல. மார்ஜரியோட கம்பளிச் சட்டை ஒண்ணு அலமாரில தொங்குது. படுக்கப் போறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து ஒரு தடவை மோந்து பாப்பேன். இப்போ திறந்தா ஒண்ணுமே இல்ல. மூக்கு போச்சுன்னு வெளிய சொன்னா, அதுவும் போச்சுன்னு ஆயிடுமில்ல? அதான் சொல்லல."

எங்கள் ஊர் ஆண்களிடம் மட்டமான வானிலையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். செத்துப்போன மனைவியின் சட்டையைப் பற்றிப் பேசினால் பார்வையை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியாது. பப் முழுக்கத் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு ஆள் மூக்கை உறிஞ்சினான்.

கிளெனிஸ் கல்லாவை விட்டு வெளியே வந்தாள். லயனலை விட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அது சரி, இவனுக்குத்தான் மூக்கில்ல. உங்களுக்கெல்லாம் என்ன கேடு? இத்தனை பேருக்கும் மூக்கு இருக்கு, நாக்கு இருக்கு, ஒருத்தருக்குக்கூட வாய் இல்லியா?"

"உனக்குப் பல்லு வலி..." என்று இழுத்தார் டட்லி.

"பல்லு வலின்னா விஷத்தைக் குடிப்பியாடா? வினிஃப்ரெட், நீங்களுமா? படிச்சவங்க!"

"நான் ஒண்ணுதான் குடிச்சேன்," என்றாள் வினிஃப்ரெட் பரிதாபமாக. "மத்ததெல்லாம் உங்க ஜெரேனியப் பூச்செடிக்குப் போச்சு."

கிளெனிஸ் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தாள். தாடையைப் பிடித்துக்கொண்டாள், ஸ்கார்ஃபை இறுக்கினாள், முடியவில்லை. "ஐயோ என் பல்லு, ஐயோ என் பல்லு" என்று கத்திக்கொண்டே கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அதற்கப்புறம் பப்பைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சாக்கடையில் ஊற்றினவன், சட்டைப்பைக்குள் ஊற்றிக்கொண்டவன், பெண்டாட்டியைக் குடிக்க வைத்துவிட்டுத் தான் தப்பித்தவன் என்று ஒவ்வொருவராகத் தம் கதையை அவிழ்த்து விட்டார்கள். இப்படி ஒரு சிரிப்பை அந்தச் சுவர்கள் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சிரித்து முடித்ததும் கிளெனிஸ் கிழட்டு வாத்து இனி விற்பனைக்கு இல்லை என்பதற்கு அடையாளமாக, பம்பில் அதன் பெயர்ப்பலகையைப் பின்பக்கம் தெரியும்படி மாட்டினாள். போனை மறுபடி எடுத்து ஆலைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கினாள். அடுத்த பம்பில் வேறொரு பீர் தயாராக இருந்தது, வெளிர் நிறத்தில் ஒன்று. அதற்கும் இன்னும் முதல் அரை பைன்ட் எடுக்கவில்லை. பிடித்தாள். நுரை விளிம்பில் நின்றது. குவளை கல்லா மேல் நகர்ந்து வந்தது, லயனலைத் தாண்டிப் போய், டட்லி முன்னால் நின்றது.

அதைத்தான் லயனல் ஜனவரியிலிருந்து பயந்துகொண்டிருந்தார். வந்தேவிட்டது. நியாயம்தான் என்று அவருக்கே தெரிந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தார்.

டட்லி குடித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பரவாயில்லை," என்றார் டட்லி.

"அதைச் சொல்ல நீ எதுக்குடா?" என்றாள் கிளெனிஸ். "நல்லாருக்கா, இல்லியா? விக்கலாமா, கூடாதா?"

"பரவாயில்லைன்னா பரவாயில்லைதான். வேற என்ன சொல்லணும்?"

லயனலுக்குப் பொறுக்கவில்லை. துக்கம் போன இடம் தெரியவில்லை. "இவ்வளவு நாளா இப்படித்தான் குடிச்சியா நீ? மறுபடி குடி. உடனே முழுங்காதே, வாயில வை. முதல்ல என்ன வருது?"

"முதல்லன்னா?"

"நுனி நாக்குல, முட்டாள்! மூக்கு வழியா மூச்சு விடு. என்ன?"

டட்லி கண்ணை மூடிக்கொண்டார். மீசை அப்படியும் இப்படியும் அசைந்தது. "எலுமிச்சை," என்றார் கடைசியில். "இல்ல, இரு. எலுமிச்சைத் தோலு. நகத்தால கீறினா வருமே, அது."

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... புல்லு வெட்டின வாசனை. பக்கத்து வீட்டுல வெட்டினா நம்ம வீட்டு ஜன்னல் வழியா வருமே, அந்த மாதிரி. லேசா."

"கடைசில? முழுங்கினதுக்கு அப்புறம்?"

"கடைசில டீயில தோச்ச பிஸ்கட்." டட்லி கண்ணைத் திறந்தார், அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "டேய், நிஜமாவே பிஸ்கட்டுடா!"

"பச்சை ஆப்பிள் ஏதாவது?"

"ம்... ஆமா. ஓரத்துல கொஞ்சம்."

லயனல் கிளெனிஸிடம் திரும்பினார். "கொஞ்சம் அவசரப்பட்டுட்ட. சாயங்காலத்துக்குள்ள அந்த ஆப்பிள் போயிடும். ஆனா விக்கலாம், நல்ல பீர்தான்."

"அப்போ தலையாட்டு," என்றாள் கிளெனிஸ்.

"நான் எப்படி..."

"அவன் நாக்கு, உன் மண்டை. ரெண்டு பேரும் சேந்து ஒரு மனுஷன் ஆவீங்க போலிருக்கு. ஆட்டுய்யா, வாசல்ல பஸ் வந்தாச்சு."

நார்விச்காரர்கள் நல்ல ஜனங்கள். கிழட்டு வாத்து செத்துப்போன சேதியைக் கேட்டு வருத்தப்படுவார்கள் என்று பார்த்தால், அதை மோந்து பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றுவிட்டார்கள். "ஆஹா, என்ன நாத்தம்! இந்த மாதிரி நாத்தம் கிடைக்கிறதே அபூர்வம்!" என்று ஒருவருக்கொருவர் குவளையை நீட்டிச் சந்தோஷப்பட்டார்கள். வெளிர் பீரைக் குடம் குடமாகக் குடித்தார்கள். இந்த வடக்கத்தி ஆட்கள் பைன்ட்டுக்கு மேலே இவ்வளவு நுரையை ஏன் ஏற்றுகிறார்கள், சோப்புத் தண்ணியா என்று கேட்டார்கள். நுரை இல்லாமல் குடிக்க நாங்கள் என்ன குதிரையா என்று எங்கள் ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள். ஸ்டூலில் லயனலும் பக்கத்தில் டட்லியும் உட்கார்ந்து அன்று பூராவும் ஒவ்வொரு பீராக வாங்கி, ஒருத்தர் குடிக்க ஒருத்தர் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார்கள். லயனல் பாதி நேரம் சிரித்தார், பாதி நேரம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

பஸ் கிளம்பிப் போனபின் இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று அடித்தது. டட்லி கையுறையை ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டே இருந்தார்.

"லயனல்."

"என்ன?"

"நாளைக்கு உன் வீட்டுக்கு வரட்டுமா?"

"எதுக்குடா? ஞாயித்துக்கிழமை நீ எங்கயும் போக மாட்டியே."

டட்லி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கம்பளிச் சட்டை. நான் மோந்து பாத்துச் சொல்றேன். இப்பத்தான் ஏதோ சொல்ல வருது எனக்கு. முதல்ல என்ன, அப்புறம் என்ன, கடைசில என்னன்னு சொல்றேன். நீ கேளு. தப்பா நெனச்சுக்காதே."

 லயனல் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"பொய் சொல்லக் கூடாது," என்றார்.

"சத்தியமா மாட்டேன். இருந்தா இருக்குன்னு சொல்வேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுவேன்."

இருவரும் மேட்டில் ஏறத் தொடங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் லயனல் நின்றார்.

"டட்லி, இல்லேன்னா மட்டும் பொய் சொல்லிடுடா," என்றார்.